அருந்ததியில் ஐந்து பேர்

திருநெல்வேலி டவுண்,
12.9.1990

திரு. தேவசிகாமணி அவர்களுக்கு,

‘அருந்ததி’ ஆசிரியர் உங்கள் முகவரியையும் நீங்கள் கடைசியாக எழுதிய கடிதத்தையும் எனக்கு அனுப்பியிருக்கிறார். என் முகவரியும் உங்களுக்கு வந்திருக்கும். “உங்கள் இருவர் சண்டைக்கு இனி வாசகர் பக்கத்தில் இடமில்லை, நேரில் எழுதித் தீர்த்துக்கொள்ளுங்கள்” என்று ஒரு வரி. ஒன்பது வருஷமாக மாதம் தவறாமல் அவருடைய விண்வெளிப் படக்கதைத் தொடரை வாங்கும் இரண்டு பேருக்கு நல்ல மரியாதை!

சரி, தீர்த்துக்கொள்வோம். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டெக்னீசியன். செய்தி எப்படிப் போகும், எப்படி வரும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

வழக்கு இதுதான். 41ஆம் புத்தகத்தில் அருந்ததி விண்கலத்தின் கேப்டன் இளம்பரிதிக்குப் பூமியிலிருந்து தங்கையின் குரல் வருகிறது. கப்பலை எட்ட நான்கு வருஷம் ஆகிவிடுகிறது. அவர் கேட்கும்போது அவள் உயிரோடு இல்லை. இந்த மாதம் வந்த 112இல், கப்பலின் அடித்தளத்தில் ஓர் உடனொலிப் பெட்டி இருக்கிறதாம், கப்பல் கட்டிய நாளிலிருந்தே இருக்கிறதாம், அதில் பூமியோடு அந்த நிமிஷமே பேசலாமாம். “அப்படியானால் 41இல் நாங்கள் அழுதது எதற்கு?” என்று ஆசிரியரை வறுத்தெடுத்திருக்கிறீர்கள்.

நான் கேட்கிறேன். பெட்டி இருந்தால் போதுமா? மறுமுனையில் ஒரு பெட்டி வேண்டாமா? எங்கள் எக்ஸ்சேஞ்சுக்கு வந்து பாருங்கள். கருவி இருக்கும், கம்பி இருக்கும், எடுத்துப் பேச அந்தப் பக்கம் ஆள் இருக்காது. தங்கை வீட்டில் பெட்டி இல்லை, அவ்வளவுதான். கதையில் ஓட்டை எதுவும் இல்லை.

இன்னொன்று. ‘பொன்சிங், திசையன்விளை’ என்று ஒருவர் முன்பு எழுதுவாரே, அவர் உங்கள் தம்பியாமே? 23இல் இன்ஜினியர் குமரேசன் வெடிவிபத்தில் செத்த பிறகும், “பிணத்தைக் காட்டவில்லை, அதனால் சாகவில்லை, கப்பலில் நான்கு பேர் இல்லை, ஐந்து பேர்தான்” என்று அடம்பிடித்தவர். “அந்த ஐந்தாவது ஆளுக்குச் சோறு யார் போடுவது?” என்று நான் கேட்டது 1983இல் அச்சில் வந்து எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் குடும்பத்துக்கே இந்தப் பிடிவாதம் போலிருக்கிறது.

பதிலை எதிர்பார்க்கும்,
தில்லைநாயகம்


திசையன்விளை,
20.9.1990

அண்ணாச்சிக்கு,

பள்ளிக்கூட ஆய்வகத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பையன்கள் உடைத்த சோதனைக் குழாய்களைப் பொறுக்கிப் போட்டுவிட்டு எழுதுவதால் கோபம் ஏற்கெனவே பாதி இருக்கிறது. மீதியை உங்கள் கடிதம் கொடுத்தது.

தங்கை வீட்டில் பெட்டி இல்லை என்று நீங்களாக எப்படிச் சொல்வீர்கள்? ஆசிரியர் எங்கே எழுதியிருக்கிறார்? இல்லாததை இட்டுக்கட்டி ஓட்டையை அடைப்பது எக்ஸ்சேஞ்சில் நடக்கும் போலிருக்கிறது. அந்தப் பெட்டி முதல் நாளிலிருந்து இருந்தால் கேப்டன் பேசியிருக்கலாம். பேசாமல் விட்டார் என்றுதான் அர்த்தம். அப்படிப்பட்ட ஆளையா நாங்கள் இத்தனை நாள் நேசித்தோம்?

பொன்சிங் என் தம்பிதான். இரண்டு வருஷமாகக் குவைத்தில் ஒரு வீட்டில் டிரைவர். மாதா மாதம் புத்தகம் வந்ததும் பழுப்புத் தாள் சுற்றி அவனுக்கு அனுப்புவது என் வேலை. ஆகஸ்ட் இரண்டாம் தேதி அங்கே ராணுவம் புகுந்த நாளிலிருந்து அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. தபால் போகவில்லை, வரவில்லை. பம்பாயில் விமானம் விமானமாக ஆட்கள் வந்து இறங்குவதாகப் பேப்பரில் போடுகிறார்கள். அதில் இவன் இல்லை. அவன் மனைவி ஜெபகனிக்கு இது ஏழாவது மாதம். மார்ச்சில் அவன் லீவில் வந்து போனான்.

நீங்கள் டெலிபோன் இலாகாவில் இருப்பதாகச் சொன்னதால் கேட்கிறேன். சண்டையை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். குவைத்துக்கு ஒரு கால் போட்டுப் பார்க்க வழி உண்டா? நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன். அவன் முதலாளி வீட்டு நம்பர்.

தேவசிகாமணி


திருநெல்வேலி டவுண்,
27.9.1990
(தபால் கார்டு)

தம்பி தேவசிகாமணிக்கு,

கார்டிலேயே எழுதுகிறேன், நம் சண்டையில் மூடி ஒட்டுகிற மாதிரி ரகசியம் ஒன்றும் இல்லை. நம்பரை மதுரை வழியாக ஐந்து நாள் முயன்றோம். பம்பாயிலேயே நிற்கிறது. “அந்தப் பக்கம் லைனே செத்துப் போச்சு வே, ஏன் எங்க உயிர எடுக்கீரு?” என்று ஆபரேட்டர் என்னைத் திட்டினார். ஆனாலும் தினம் ஒரு தடவை போடச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண்ணுக்குத் தைரியம் சொல்லுங்கள். உங்கள் தம்பியைப் பற்றிக் கேலியாக எழுதியது எனக்கே இப்போது பிடிக்கவில்லை. பெட்டி விஷயத்தில் மட்டும் நான் சொன்னதுதான் சரி.

தில்லைநாயகம்


திசையன்விளை,
24.10.1990

அண்ணாச்சிக்கு,

நல்ல சேதி. பொன்சிங் கடிதம் வந்துவிட்டது! யாரோ ஒருவர் கையில் கொடுத்து, அவர் பம்பாயில் தபாலில் சேர்த்திருக்கிறார். “அந்த டவுண்காரர் நமக்காவத் தெனமும் போன் போட்டுப் பாக்காவல்லா, மொதல்ல அவுகளுக்கு எழுதுங்க அத்தான்” என்று ஜெபகனிதான் என்னை உட்கார வைத்து எழுதச் சொல்கிறாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு நேற்றுத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

கடிதத்தை அப்படியே எழுதுகிறேன்: “28.8.90. அண்ணனுக்கு. நான் நலம். முதலாளி வீட்டிலேயே பத்திரமாக இருக்கிறேன். வழி திறந்ததும் வருவேன். பிள்ளைக்குப் பெயரை நானே ஊருக்கு வந்து வைக்கிறேன், அதுவரை யாரும் வைக்க வேண்டாம். 112 படித்தேன். கப்பலில் இருப்பது நான்கு பேர். நான்கு பேரில் ஒருவர் கண்ணிலும் அந்தப் பெட்டி இத்தனை வருஷமாகப் படவில்லையா? அண்ணன் கட்சிதான் என் கட்சி.”

பார்த்தீர்களா, தம்பியும் என் பக்கம்தான். இனி நீங்கள் ஒண்டியாள்.

ஜெபகனி கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறாள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எடுத்துப் படிக்கிறாள். மனம் நிறைந்து எழுதுகிறேன்.

தேவசிகாமணி


திருநெல்வேலி டவுண்,
29.10.1990
(தபால் கார்டு)

தம்பி,

அவசரமாக எழுதுகிறேன். உங்கள் தம்பி கடிதத்தில் பெரிய ஓட்டை இருக்கிறது. 112 கடைக்கு வந்தது செப்டம்பர் முதல் தேதி. ஆகஸ்ட் 28இல் அவர் எப்படிப் படித்திருப்பார்? அதற்கு முன்பே தபாலும் நின்றுவிட்டது. அடுத்தது, ஐந்து பேர் என்று ஏழு வருஷம் சாதித்தவர் நான்கு என்று எழுதுகிறார். ஒருக்காலும் எழுத மாட்டார். ஆகவே இது பொன்சிங் எழுதிய கடிதமே இல்லை. நிச்சயமாகச் சொல்கிறேன். யாரோ உங்களை ஏமாற்றுகிறார்கள், விசாரியுங்கள்.

தில்லைநாயகம்


திசையன்விளை,
14.11.1990

தில்லைநாயகம் அவர்களுக்கு,

ஏமாற்றியது நான்தான்.

அக்டோபர் முதல் வாரம் முழுவதும் ஜெபகனி சாப்பிடவில்லை. தண்ணீர்கூட இறங்கவில்லை. வயிற்றில் பிள்ளை அசைவது குறைந்துவிட்டது என்று நர்ஸ் சொன்னாள். எனக்கும் தம்பிக்கும் ஒரே வாத்தியாரிடம் படித்த கையெழுத்து, வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. எழுதினேன். பம்பாய் போகிற ஒருவரிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொன்னேன். என் மனைவிக்குக்கூடத் தெரியாது.

ஆகஸ்ட், செப்டம்பர் புத்தகங்களை அவனுக்காகத் தாள் சுற்றி விலாசம் எழுதி வைத்திருந்தேன். போஸ்ட் ஆபீசில் வாங்க மறுத்துவிட்டார்கள். அவை அலமாரியில் இருந்தன. ஆனாலும் என் மனதுக்குள் அவன் படித்துக்கொண்டேதான் இருந்தான். தேதி தப்பியது அப்படித்தான். மற்றவர் தப்பையெல்லாம் பிடிக்கிற எனக்கு என் தப்பு கண்ணில் படவில்லை.

உங்கள் கார்டு வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். போஸ்ட்மேன் ஜெபகனி கையில் கொடுத்தார். கார்டுதானே, படித்துவிட்டாள். நான் வீட்டுக்கு வந்தபோது அந்தக் கடிதத்தையும் உங்கள் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “இது நீங்க எழுதுனதா அத்தான்?” என்று ஒரே ஒரு கேள்வி. என்னால் பொய் சொல்ல முடியவில்லை. அன்று சாயங்காலமே வலி கண்டுவிட்டது. ஒன்றரை மாதம் முன்னதாகப் பெண் பிள்ளை. இரண்டு கைக்குள் அடங்கிவிடும். இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது.

ஒரு கவரில் போட்டிருக்கக் கூடாதா? என் பெயர் எழுதி ஒட்டியிருக்கக் கூடாதா? பொம்மைக் கப்பலுக்காக ஒரு உயிரோடு விளையாடிவிட்டோம், நீங்களும் நானும்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

தேவசிகாமணி


திருநெல்வேலி டவுண்,
11.2.1991

தேவசிகாமணிக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். மூன்று மாதம் அடக்கிக்கொண்டேன். இன்று கவரில் எழுதுகிறேன்.

ஓட்டையைக் கண்டதும் எனக்குச் சந்தோஷம்தான் முதலில் வந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு வீட்டில் நெருப்பு எரிகிறது, நானோ தேதியைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு புத்தகம் வாங்கவில்லை. மூன்று மாத இதழை விட்டுவிட்டேன்.

வளைகுடாவில் குண்டு போடுகிறார்கள். ஆனாலும் அந்த நம்பரை இன்னும் தினம் போடச் சொல்கிறேன். லைன் இல்லை. பிள்ளை எப்படி இருக்கிறது என்று மட்டும் ஒரு வரி எழுதினால் போதும். எழுதாவிட்டாலும் குற்றம் சொல்ல மாட்டேன்.

தில்லைநாயகம்


திசையன்விளை,
9.6.1991

அண்ணாச்சிக்கு,

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். எழுத வைத்தது ஜெபகனி.

பிள்ளை பிழைத்துவிட்டது. ஏழு மாதம் ஆகிறது. இன்னும் பெயர் இல்லை, ஞானஸ்நானம் இல்லை. பெயரை அப்பா வைப்பார் என்று நான் எழுதிய பொய்யை மட்டும் அவள் விடவில்லை. “அத நீங்க எழுதியிருந்தாலும் அவுக சொல்லுத மாதிரிதான் இருக்கு” என்கிறாள். நாங்கள் ‘பாப்பா’ என்று கூப்பிடுகிறோம்.

போன வாரம் உடன்குடியிலிருந்து ஜுபைதா பீவி என்று ஓர் அம்மா வந்தார். பொன்சிங் கார் ஓட்டிய வீட்டில் சமையல் வேலை பார்த்தவர். ஆகஸ்ட் கடைசியில் இரண்டு பேரும் மற்றவர்களோடு லாரியில் கிளம்பி, ஜோர்டான் எல்லையில் பாலைவனக் கூடாரத்தில் கிடந்திருக்கிறார்கள். அந்த அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“ரெண்டு நாளு வாந்தியும் பேதியும் வாப்பா. எம் மடியிலதான் கெடந்தாரு. தண்ணிக்கு வரிசையில நின்னு நான் கொண்டு வாறதுக்குள்ள முடிஞ்சிட்டு. செப்டம்பர் ஒம்பது, ஞாயித்துக்கெழம. அங்கனயே மண்ணத் தோண்டி வச்சிட்டாங்க. இதக் கொடுக்கச் சொல்லித் தந்தாரு. எனக்கு எழுத்து தெரியாது. பம்பாயில எறங்குனதும் மஞ்சக் காமால, அக்கா வீட்டுல எட்டு மாசம் படுக்க. ஊருக்கு வந்துதான் திசையன்விளையில அருந்ததி புஸ்தகம் படிக்கிற வீடு எதுன்னு கேட்டுக் கேட்டு வந்தேன்.”

அவர் கொடுத்தது ஒரு கடிதம். ஜெபகனி வாங்கித் திருப்பிப் பார்த்தாள். 110ஆம் புத்தகத்தை நான் சுற்றி அனுப்பிய பழுப்புத் தாளின் உள்பக்கம் எழுதியிருக்கிறான். வெளிப்பக்கம் என் கையெழுத்தில் விலாசம். அதைப் பார்த்ததும், “தாளும் ஒங்க தாளு, எழுத்தும் ஒங்க எழுத்து. இன்னும் எத்தன தடவ அத்தான்?” என்று கீழே போட்டுவிட்டாள். அந்த அம்மாவையும் நான் ஏற்பாடு செய்ததாக நினைக்கிறாள். தான் காத்திருப்பதை நிறுத்தத்தான் இந்த நாடகம் என்கிறாள். அந்த அம்மா அழுதுகொண்டே போய்விட்டார்.

நேற்று ஜெபகனியே வந்து சொன்னாள்: “மொதக் கடுதாசி பொய்யின்னு சொன்னவுக அந்த டவுண்காரருதான். இதையும் அவுககிட்ட அனுப்புங்க. அவுக சொல்லட்டும், நான் நம்புதேன்.”

தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். எங்களிடம் இருப்பது இது ஒன்றுதான். நீங்கள் பொய் என்று சொன்னால் அவள் காத்திருப்பாள். மெய் என்று சொன்னால் அவன் செத்துவிட்டான். என்ன சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

தேவசிகாமணி


திருநெல்வேலி டவுண்,
17.6.1991
(பதிவுத் தபால்)

தம்பி தேவசிகாமணிக்கும் ஜெபகனிக்கும்,

ஐந்து நாளாக இந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. உண்மையைச் சொல்கிறேன், முதல் இரண்டு நாள் ‘பொய்’ என்று எழுதத்தான் வார்த்தை தேடினேன். ஒரு வார்த்தையில் ஓர் ஆளை உயிரோடு வைத்துவிடலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் அந்த வார்த்தையை ஏற்கெனவே ஒருவர் எழுதிப் பார்த்துவிட்டார்.

அம்மா ஜெபகனி, வெளிப்பக்கத்தில் உங்கள் அத்தான் எழுத்துக்குப் பக்கத்தில் இரண்டு முத்திரை இருக்கிறது. ஒன்று திசையன்விளை, ஜூலை 4. இன்னொன்று மங்கலாக இருக்கிறது, அரபி எழுத்து. எங்கள் ஊர்ப் போஸ்ட் ஆபீசில் வெளிநாட்டுத் தபால் பிரிக்கிறவரிடம் காட்டினேன். லென்ஸ் வைத்துப் பார்த்துக் குவைத் முத்திரை, ஜூலை 19 என்றார். இந்தத் தாள் கடல் தாண்டிப் போய் அவர் கைக்குக் கிடைத்த தாள். திரும்பி வந்திருக்கிறது.

இலாகா சொல்வது அவ்வளவுதான். மீதியை வாசகனாகச் சொல்கிறேன். 110 எரிகிற இன்ஜினோடு முடிகிறது. அடுத்து என்ன ஆகும் என்று இதில் எழுதியிருக்கிறார்: “குமரேசன் ஏழு வருஷமாக அடித்தளத்தில்தான் இருக்கிறான். அவன் ஏறி வந்து இன்ஜினை அணைப்பான். ஐந்து பேரும் பத்திரமாக வீடு சேர்வார்கள். அண்ணன் சிரிப்பான், சிரிக்கட்டும்.” 111இல் அப்படி எதுவும் நடக்கவில்லை. வேறு கப்பல் வந்து காப்பாற்றுகிறது, சப்பென்று முடிகிறது. 111ஐப் படித்துவிட்ட உங்கள் அத்தானால் இதை எழுதியிருக்க முடியாது. தெரிந்ததைத் தெரியாத மாதிரி எழுத அவருக்கு வராது, அதை அக்டோபரில் பார்த்தோம். அடுத்த புத்தகத்துக்காகக் காத்திருந்த ஒருவர்தான் இதை எழுத முடியும். ஆசிரியர் எழுதியதைவிட இவர் நினைத்தது நன்றாகவே இருக்கிறது.

இது பொன்சிங் எழுதிய கடிதம். தேதி செப்டம்பர் 6. அந்த அம்மா சொன்னதும் உண்மை. என்னை மன்னித்துவிடுங்கள் அம்மா. இரண்டாவது தடவையும் நானே சொல்ல வேண்டியதாகிவிட்டது.

கடைசி வரிகளை நீங்கள் படிக்காமல் கீழே போட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே எழுதுகிறேன்: “ஜெபகனிக்கு. நான் வரப் பிந்தினால் பிள்ளைக்குப் பெயர் வைக்காமல் இருக்க வேண்டாம். பையன் என்றால் உன் இஷ்டம். பெண் என்றால் அருந்ததி. இந்தக் கடிதம் வந்து சேர நாலு வருஷம் ஆகாமல் இருந்தால் சரி.”

ஒன்றை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. அந்த ஐந்தாவது ஆளுக்குச் சோறு யார் போடுவது என்று அவரைக் கேலி செய்து நான் மறுபடியும் எழுதியது செப்டம்பர் 12. அவரைப் புதைத்து மூன்று நாள்.

பெட்டி பற்றி இனி என்னிடம் எந்தக் கட்சியும் இல்லை. எக்ஸ்சேஞ்சில் அந்த நம்பரை நேற்றோடு நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

தில்லைநாயகம்


திசையன்விளை,
8.7.1991

அண்ணாச்சிக்கு,

உங்கள் கடிதத்தை ஜெபகனி கையிலேயே உடைக்காமல் கொடுத்தேன். படித்தாள். நாலாவது நாள் 23ஆம் புத்தகத்தை எடுத்துத் தரச் சொன்னாள். வெடிவிபத்துப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “பொணத்தக் காட்டலன்னு இவுக சொன்னது சரிதான் அத்தான். ஆனா இவுகள அந்தம்மா மடியில போட்டுப் பாத்திருக்காகளே” என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். பத்து மாதத்து அழுகை. என் மனைவியும் நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம், வேறு என்ன செய்ய முடியும்.

ஜுபைதா பீவி வீட்டுக்கு நானும் அவளும் போய்வந்தோம். அந்த அம்மா பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கீழே விடவே இல்லை.

நேற்று ஞாயிறு ஆராதனையில் தம்பி பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். பிள்ளைக்கு ஞானஸ்நானமும் நேற்றே. சபை ஐயர் பெயரைக் கேட்டுவிட்டு, “என்னவே தேவசிகாமணி, இது புராணப் பேரால்லா இருக்கு?” என்று என்னைப் பார்த்தார். நான் வாய் திறக்குமுன் ஜெபகனி, “கப்பல் பேரு ஐயா, அவுக அப்பா வச்சது” என்றாள். அவர் அந்தப் பெயரைச் சொல்லியே ஞானஸ்நானம் கொடுத்தார்.

இன்று காலையில் ரேஷன் கார்டில் தம்பி பெயரை எடுத்துப் பிள்ளை பெயரைச் சேர்க்க மனு எழுதினோம். ஜெபகனிதான் பூர்த்தி செய்தாள். பெயர்களை எழுதினாள்: நான், என் மனைவி, ஜெபகனி, அருந்ததி. கீழே ‘குடும்பத்தில் மொத்த நபர்கள்’ என்ற இடத்தில் 5 என்று போட்டாள். திருத்தலாம் என்று பேனாவை எடுத்தேன். வைத்துவிட்டேன். தாலுகா ஆபீசில் வேண்டுமானால் திருத்திக்கொள்ளட்டும்.

உங்களுக்கு எழுதுகிறேன் என்றதும் ஒன்று சொல்லச் சொன்னாள். நீங்கள் அச்சில் கேட்ட அந்தக் கேள்வியைப் பொன்சிங் வெட்டி எடுத்து வைத்திருந்தானாம், கல்யாணமான புதிதில் காட்டிச் சிரிப்பானாம்.

“அஞ்சாவது ஆளுக்குச் சோறு யாரு போடுவான்னு அவுக கேட்டாகல்லா அத்தான்? நான் போடுதேன்னு எழுதுங்க.”

தேவசிகாமணி